மெழுகைச் சொல்லாமல் விட்டது

2 ஜூன் 2024, ஞாயிறு

இன்றும் ஒன்றும் அசையவில்லை.

மாதா கோயிலில் பூசைக்குப் போய்விட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் ஷெட்டுக்குள் நுழைந்தேன். என் பழைய பத்மினி காரின் என்ஜினிலிருந்து புகைக்குழாயைக் கழற்ற வேண்டும். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவும் சூடும் சேர்ந்து இரும்போடு இரும்பாக இறுகிக் கிடக்கின்றன. ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயை மாட்டித் தொங்கிப் பார்த்தேன். வண்டி ஆடியது, நான் ஆடினேன். போல்ட் ஆடவில்லை.

போன வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ‘பழைய வண்டி ஃபெலிக்ஸ்’ என்று ஒரு யூடியூப் சேனல் வைத்துக்கொண்டு, “அடுத்த வீடியோவில் இந்த போல்ட்டுகளை என் கையாலேயே கழற்றிக் காட்டுகிறேன், மெக்கானிக் வேண்டாம்” என்று கேமராவைப் பார்த்துச் சொல்லித் தொலைத்தேன். யார் கேட்டார்கள்? ஆபீசில் எனக்கு வேலையே அடுத்தவன் எழுதிய சாஃப்ட்வேரில் தப்புக் கண்டுபிடிப்பது. அந்தத் திமிர் ஞாயிற்றுக்கிழமையும் இறங்குவதில்லை.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். “என்னத்துக்கு இந்த மல்லுக்கட்டு? அதுட்ட கொஞ்சம் நயமா பேசிப் பாருங்களேன்.”

கல்யாணமாகி இருபது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் தூத்துக்குடி நக்கல் குறையவில்லை. “நக்கோ பாபா, வேண்டாம், நீ உள்ள போ” என்றேன்.

4 ஜூன்

ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டித் தோல் பெயர்ந்ததுதான் மிச்சம். ஆபீசில் கேட்டவர்களிடம் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

6 ஜூன், வியாழன்

வீட்டுக்கு வந்தால் ஷெட்டில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அதற்குள் போல்ட்டுகள். எல்லாமே. புகைக்குழாய் கீழே சாக்கின் மேல் படுத்திருக்கிறது.

“மழை வருதுல்லா, துணி காயப்போட எடம் இல்ல. இந்த வண்டி என்னைக்கு வெளிய போவுமோன்னு நானே பாத்துட்டேன்” என்றாள் ஸ்டெல்லா. தார்நாகாவில் ஒரு லேபில் இரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. விடியலில் போனால் மதியம் வந்துவிடுவாள். மதியத்துக்கும் நான் வருவதற்கும் இடையில் முடித்திருக்கிறாள்.

எப்படி என்று கேட்டேன்.

“அந்தச் சின்ன கேஸ் டார்ச்ச வச்சு போல்ட்டுக்குச் சூடு காட்டினேன். அணைச்சுட்டு, சூடா இருக்கையிலேயே மெழுகுவர்த்தியத் தொட்டு வச்சேன். உருகி மரைக்குள்ள எறங்கிட்டு. பொறவு கொஞ்சம் இறுக்க, கொஞ்சம் தளத்த, மறுபடி இறுக்க... வந்துட்டு. எங்க சித்தப்பா போட் என்ஜினுக்கு இப்படித்தான் செய்வாவ.” கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “நரம்பு கெடைக்காத ஆளுக்கு ஊசி போடுத மாதிரித்தான். அவசரப்பட்டா உள்ள ஓடிரும்.”

நான் சொன்னது என்ன? சபாஷ் சொன்னேனா? “யாரைக் கேட்டுத் தொட்டே?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தக் கிண்ணத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வருகிறது. பொண்டாட்டி ஒரு நல்ல காரியம் செய்ததற்கு எரிச்சல் படுகிறவன் எந்த ரகம் என்று தெரியவில்லை.

8 ஜூன், சனி

எழுதவே கூசுகிறது. எழுதிவிடுகிறேன்.

ஸ்டெல்லா லேபுக்குப் போயிருந்த நேரம். புகைக்குழாயைத் தூக்கி மறுபடி அதன் இடத்தில் வைத்து, போல்ட்டுகளை நானே முடுக்கினேன். கரியும் கிரீஸும் தடவி அழுக்காக்கினேன். மகள் சபீனாவைக் கூப்பிட்டு செல்போனைக் கையில் கொடுத்தேன். காலேஜ் லீவு, படுத்திருந்தவளை எழுப்பி.

பல்லைக் கடித்தேன். கழுத்து நரம்பு புடைக்க, “வா... வா...” என்று முனகி, நடித்து, போல்ட்டைத் திருப்பினேன்.

“டாடி, இட்ஸ் ஆல்ரெடி லூஸ்.”

“பேசாம எடும்மா.”

“வை டோன்ட் யூ ஜஸ்ட் சே மம்மி டிட் இட்?”

அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் அல்லது தெலுங்கில் வரும். “உனக்குப் புரியாது” என்றேன். அவள் முகம் செல்போனுக்குப் பின்னால் இருந்தது நல்லதாகப் போயிற்று.

இதோடு விட்டேனா? எப்படிக் கழற்றினேன் என்று ஏதாவது சொல்ல வேண்டுமே. மெழுகுவர்த்தி என்று சொல்ல நாக்கு வரவில்லை. கோயிலில் கொளுத்துகிற சமாசாரம், பார்க்கிறவன் சிரிப்பான் என்று பட்டது. பெயிண்டில் கலக்கிற தின்னரையும் கியர் ஆயிலையும் கலந்து ஊற்றுவதை எங்கேயோ படித்திருந்தேன். சூடு காட்டுவதை ஸ்டெல்லா சொல்லியிருந்தாள். இரண்டையும் ஒட்டிவிட்டேன். “இந்தக் கலவையை நல்லா ஊத்துங்க, ஊறினதும் டார்ச்சால சூடு காட்டுங்க. அப்புறம் கையில பலம் இருந்தா போதும்” என்றேன்.

ஒரு சொட்டுகூட ஊற்றிப் பார்க்கவில்லை. பாட்டிலைக் கையில் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான்.

11 ஜூன்

வீடியோ ஓடுகிறது. இதுவரை போட்ட எதுவும் இப்படி ஓடியதில்லை. ‘இதுதான் ஆம்பளை வேலை அண்ணா’ என்று மதுரையிலிருந்து ஒருவர். ஆபீசில் முரளி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “ஃபெலிக்ஸ் அண்ணா கையைப் பாருங்கப்பா, இரும்புக் கை” என்றான். நான் சிரித்தேன். கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஸ்டெல்லா என் வீடியோக்களைப் பார்ப்பதில்லை. “வீட்டுலயே உங்க பேச்சக் கேக்கேன், அதுலயும் கேக்கணுமா?” என்பாள். நல்லவேளை.

நல்லவேளை என்று எழுதியிருக்கிறேன் பார்.

14 ஜூன்

இன்று அவளிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். களைத்துப்போய் வந்தாள். அவள் களைப்பு எனக்கு வசதியாகப் போயிற்று.

19 ஜூன், புதன்

மதியம் ஒரு மெசேஜ். அப்படியே எழுதி வைக்கிறேன்.

‘வணக்கம் சார். திருமுல்கேரியிலிருந்து உலகநாதன். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னிடமும் ஒரு பத்மினி உள்ளது. தங்கள் முறைப்படி போல்ட் கழற்றும்போது கலவையில் தீப்பிடித்து வலது கை வெந்துவிட்டது. நான் எங்கே தவறினேன் என்று தாங்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.’

பாத்ரூமுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். நன்றியுடையவனாவேன்! கடவுளே. சூடும் தின்னரும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியுமே. தெரியாதா எனக்கு? தெரியும். சொல்லும்போது யோசிக்கவில்லை. என் மூஞ்சி ஸ்கிரீனில் எப்படித் தெரியும் என்பதைத்தான் யோசித்தேன்.

22 ஜூன், சனி

உலகநாதனைப் போய்ப் பார்த்தேன். போகாமலிருந்திருந்தாலாவது ஒரு தப்போடு நின்றிருக்கும்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. சட்டைப் பொத்தானை அவர் மனைவி ராஜம் அம்மாதான் போட்டுவிடுகிறார். என்னை உட்காரவைத்த நாற்காலிக்கு மேல் ஃபேன், அவர்கள் இருவரும் வேர்வையில். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். எனக்காக மிக்சர், ஸ்வீட், காபி. “ரிட்டயர் ஆனதுலேர்ந்து மூலையில உக்காந்தவரு. உங்க வீடியோ பாத்துத்தான் தம்பி ஷெட்டைத் தொறந்தாரு” என்றார் ராஜம் அம்மா.

நான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன்.

அதற்குள் உலகநாதன் கேட்டார்: “தின்னரை நான் ஜாஸ்தி கலந்துட்டேன்னு நினைக்கிறேன். அதானே சார்?”

“ஹவ்... ஆமா, கொஞ்சம் ஜாஸ்தி ஆகியிருக்கும்” என்றேன்.

இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். அவர் மனைவியைப் பார்த்து, “பாத்தியா, நான் சொன்னேன்ல, என் தப்புதான்” என்றார். அவருக்குச் சமாதானம்! நான் அந்த ஸ்வீட்டையும் தின்றேன்.

பஸ்ஸில் திரும்பி வந்தேன். செத்துப்போகலாம் போல என்று எழுதினால் அதுவும் நடிப்பு. சாகத் தோன்றவில்லை. யாரும் என்னைப் பார்க்காத இடமாகப் போய் உட்காரத் தோன்றியது.

23 ஜூன்

வீடியோவை எடுக்கவில்லை. கீழே ‘கவனமாகச் செய்யவும்’ என்று ஒரு வரி சேர்த்தேன். எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேட்பார்கள் என்பது ஒரு காரணம். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருப்பது மற்றொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது.

30 ஜூன், ஞாயிறு

உலகநாதனும் ராஜம் அம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். நான் எத்தனை சாக்குச் சொல்லியும், “நீங்க எங்க வீட்டுக்கு வந்தீங்க, நாங்க வரலைன்னா முறையில்ல சார்” என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்குக் கட்டைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. “இது ஈரமால்லா இருக்கு, யாரு கட்டினா?” என்று தன் பெட்டியை எடுத்துவந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கட்டை மெல்ல மெல்லப் பிரித்தாள். நான் அந்தக் கையை இன்றுதான் பார்த்தேன். அது எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன்.

“எப்படி ஆச்சு சார்?”

“போல்ட் கழட்டும்போதும்மா. சார் வீடியோவுல சரியாத்தான் சொல்லியிருந்தாரு. நான்தான் தின்னரை ஜாஸ்தியா ஊத்திட்டேன். சாரே வீட்டுக்கு வந்து பாத்துச் சொன்னாரே.”

அவள் கை நின்றது. “தின்னரா?”

“தின்னரும் கியர் ஆயிலும். அப்புறம் டார்ச்.”

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்தைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “சார், தீ பக்கத்துல தின்னர் கூடவே கூடாது. ஒரு சொட்டுகூட. நீங்க ஜாஸ்தி ஊத்துனதால இல்ல.”

“அப்போ சார் எப்படி—”

“அவியட்டயே கேளுங்க.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் சபீனா வேறு. நான், “தண்ணி கொண்டுவரேன்” என்று எழுந்து உள்ளே போய்விட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு ஐம்பது வயது மனிதன்! தண்ணீரோடு வந்தபோது பேச்சு மழையைப் பற்றிப் போயிருந்தது. ஸ்டெல்லாதான் மாற்றியிருக்க வேண்டும். என்னைக் காப்பாற்ற இல்லை, அவர்களைச் சங்கடப்படுத்தாமல் அனுப்ப.

1 ஜூலை

நேற்று அவர்கள் போனதும் ஸ்டெல்லா சபீனாவின் செல்போனில் வீடியோவை முழுக்கப் பார்த்தாள். நான் பல்லைக் கடித்து முனகும் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று நினைத்தேன். ஏங்கினேன் என்றே சொல்லலாம்.

“என் பேரச் சொல்லாட்டிப் போவுது. எனக்கு அது வேண்டாம். மெழுகச் சொல்லிருக்கலாம்லா? மெழுகச் சொல்லிருந்தா அந்த மனுசனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

“சிரிப்பாங்கன்னு நெனச்சேன் ஸ்டெல்லா.”

“யாரு சிரிப்பா?”

செல்போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

“கை வெந்து கெடக்காரு. நீங்க போயி, அவரு வீட்டுக் காப்பியவும் குடிச்சிட்டு, தப்ப அவரு தலையிலேயே கட்டிட்டு வந்துருக்கீய. எப்படிங்க முடிஞ்சுது ஒங்களால?”

கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கும் தெரியலையே! எப்படி முடிஞ்சுது?

3 ஜூலை

வீடியோவை அழித்துவிட்டேன். அவளிடம் சொன்னேன்.

“அழிச்சா ஆச்சா? பாத்தவங்க கையில தின்னர் பாட்டில் இருக்குமே.”

சோறு போடுகிறாள், காபி வைக்கிறாள். நக்கல் இல்லை. இந்த வீட்டில் அவள் நக்கல் இல்லாமல் இருப்பது மின்சாரம் போன மாதிரி இருக்கிறது.

6 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன்.

திருமுல்கேரிக்கு ஸ்டெல்லாவை உடன் வரச் சொல்லிக் கேட்டேன். “நான் எதுக்கு? நாக்கு ஒங்க வாயிலதான இருக்கு” என்றாள். தனியாகப் போனேன்.

உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உட்கார்ந்தால் மிக்சர் வந்துவிடும். நின்றுகொண்டே சொன்னேன். போல்ட்டை எடுத்தது என் மனைவி, மெழுகுவர்த்தி வைத்து. தளர்ந்த போல்ட்டை மறுபடி முடுக்கி நடித்தேன். தின்னர் விஷயம் நானே கட்டியது.

உலகநாதன் தன் கைக்கட்டைப் பார்த்தார். பிறகு, “அப்போ நீங்க அதைச் செஞ்சே பாக்கல.”

“இல்லை சார்.”

“அன்னிக்கு நான் கேட்டப்போ தெரியும் உங்களுக்கு.”

“தெரியும் சார்.”

ராஜம் அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “தம்பி, வலி தாங்காம இவரு முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தப்போ, நான் உங்களை ஒரு வார்த்தை திட்டினேன். அதுக்கு என்னை அதட்டினாரு. பெரிய மனுசனைப் பேசாதேன்னாரு.”

அடித்திருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

“நீங்க கிளம்புங்க சார்” என்றார் உலகநாதன். “எனக்கு இப்போ கோவம் வருது. வீட்டுக்கு வந்தவரைக் கோவமா பேசிப் பழக்கமில்ல.”

செருப்பை மாட்டிக்கொண்டேன். பஸ்ஸுக்கு நிற்காமல் ரொம்ப தூரம் நடந்தேன்.

10 ஜூலை, புதன்

நேற்று இரவு புது வீடியோ போட்டேன். பல்லைக் கடிக்கவில்லை. பழைய வீடியோ பொய், அதில் சொன்னபடி யாரும் செய்யாதீர்கள், ஒருவருக்குக் கை வெந்துவிட்டது, காரணம் நான். போல்ட்டை எடுத்தது ஸ்டெல்லா. அவள் எப்படிச் செய்தாள் என்பதை அவள் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். சபீனாதான் எடுத்தாள். முடித்ததும் செல்போனைத் தாழ்த்தி, “பாகுந்தி, டாடி” என்றாள், நன்றாக இருக்கிறதாம். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. எனக்கும்தான்.

காறித் துப்பாத குறையாக எழுதியிருக்கிறார்கள். ‘பொண்டாட்டி உழைப்பில் ஹீரோ’ என்று மதுரைக்காரர். ‘இதுதான் ஆம்பளை வேலை’ என்று எழுதினாரே, அவரேதான். மெழுகைப் பற்றிச் சிரித்தவர் ஒரே ஒருவர். ஒருவனுக்குப் பயந்தா இவ்வளவும்?

ஆபீசில் முரளி என்னைப் பார்த்ததும் லிஃப்டுக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டான். அவனுக்கே என்னைப் பார்க்க வெட்கமாகிவிட்டது போல.

17 ஜூலை

உலகநாதன் போன் செய்தார். “போல்ட்டுங்க அப்படியே இருக்கு. கட்டு பிரிச்சாச்சு. உங்க வீட்டம்மா ஞாயித்துக்கிழமை வர முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க.” வைக்கும் முன், “நீங்களும் வரலாம்” என்றார்.

21 ஜூலை, ஞாயிறு

செகந்திராபாத் பக்கம் போனாலுத் திருவிழாக் கூட்டம், ஆட்டோக்காரர் சந்து சந்தாகச் சுற்றித் திருமுல்கேரி கொண்டுபோய்ச் சேர்த்தார். ஸ்டெல்லா மடியில் டார்ச்சும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும். வழியில் என்னிடம், “மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீய, எழவு வீட்டுக்கா போறோம்?” என்றாள். அந்த நக்கலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அவர்கள் ஷெட் என்னுடையதைவிடச் சுத்தம். உலகநாதன் என்னைப் பார்த்து, வந்தீங்களா என்றார், வந்தேன் என்றேன். ஒரு வாளி மணலைக் காட்டி, “அதைப் பக்கத்துல வெச்சிக்கிட்டு நில்லுங்க” என்றார். நின்றேன்.

ஸ்டெல்லா பேனட்டுக்குள் குனிந்தாள். சூடு, மெழுகு, கொஞ்சம் இறுக்கு, கொஞ்சம் தளர்த்து. முதல் போல்ட் வந்தது. அடுத்ததும். ராஜம் அம்மா, “அடியம்மா!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அதற்கடுத்தது பாதி திரும்பி, டப்பென்று ஒரு சத்தம். தலை மட்டும் ஸ்பேனரோடு வந்துவிட்டது. உடல் உள்ளே.

ஸ்டெல்லா அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “ஒடச்சிட்டேன் சார். அவசரப்பட்டுட்டேன்” என்றாள்.

“போனா போவுதும்மா. துளை போட்டு எடுத்துக்கலாம்” என்றார் உலகநாதன்.

அவ்வளவுதான். நான் அவள் முகத்தையே பார்த்தேன். வருத்தம் இருந்தது, வேர்வை இருந்தது. ஒளிக்க எதுவும் இல்லை. ஒரு பெட்டியை இறக்கி வைக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். இதற்கா நான் ஒரு மாதம் ஊரைச் சுற்றினேன்?

பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவள், ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள். “இடுப்பு விட்டுப்போச்சு. இந்தக் கடைசிய நீங்க பாருங்க.”

எல்லார் முன்னாலும். கேமரா இல்லை. மணல் வாளியைத் தள்ளி வைத்துவிட்டுக் குனிந்தேன். சூடு காட்டினேன். அணைத்தேன். மெழுகைத் தொட்டேன், உருகி இறங்கியது. கொஞ்சம் இறுக்கினேன். தளர்த்தினேன். அசையவில்லை. இன்னொரு தடவை. அசையவில்லை. பின்னால் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்கிறது. ஸ்பேனர் தேய்ந்திருக்கு, இடம் பத்தலை, வெளிச்சம் சரியில்லை என்று வாய்க்குள் வரிசையாக வந்து நின்றது. எல்லாம் தயார். ஏதாவது ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

“எனக்கு வரல” என்றேன்.

உலகநாதன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கூரையில் தொங்கிய விளக்கைக் கழற்றி, போல்ட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பிடித்தார். தோல் இன்னும் இளஞ்சிவப்பாக இருந்த அந்த வலது கையால்தான்.

“இன்னொரு தபா சூடு காட்டுங்க சார். அவசரமில்ல. நான் பிடிச்சிக்கிறேன்.”